காவல் நாயின் கால் நகம்: மாதம் ஒரு முறை கவனித்தால் கிடை காக்கும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் காட்டில் மானாவாரி வெள்ளாமையும் ஆடு வளர்ப்பும் கைகோத்து நடப்பவை. வானம் பொய்த்த ஆண்டிலும் நாலு ஆடு இருந்தால் குடும்பம் தாங்கும். அந்த நாலு ஆட்டைக் காப்பது நாய். அறுவடை முடிந்த தரிசில் கிடை போடும்போது, ஆள் அயர்ந்தாலும் நாய் அயர்வதில்லை. நரி, தெருநாய்க் கூட்டம், ஆட்டுத் திருடன் என்ற மூன்று பகையையும் முதலில் மோப்பம் பிடிப்பது அதுதான்.

ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பவரும், மாட்டுக்கு லாடம் அடிப்பவரும் நாயின் காலை மட்டும் பார்ப்பதில்லை. “நாய்க்கு என்ன, அது பாட்டுக்குக் கிடக்கும்” என்று விட்டுவிடுகிறார்கள். இதனால் வரும் நட்டம் உடனே கண்ணுக்குத் தெரியாது.

இப்படி நடப்பதுண்டு. நல்ல காவல் நாய் ஒன்று கொஞ்ச நாளாகக் கிடையைச் சுற்றி வருவதில்லை. படுத்த இடத்திலிருந்தே குரைக்கிறது. கூப்பிட்டால் மெதுவாக எழுந்து வருகிறது. வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைக்கிறார்கள். ஓர் இரவு தெருநாய்கள் புகுந்து இரண்டு குட்டிகளைக் கடித்துப் போடுகின்றன. “இனி இந்த நாயால் பயனில்லை” என்று அதைக் கொண்டுபோய் வேறு ஊர் எல்லையில் விட்டுவிடுகிறார்கள். அதன் முன்னங்காலைத் தூக்கிப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். உட்புறத்து நகம் வளையமாகச் சுருண்டு, நுனி சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்திருக்கும். ஐந்து நிமிட வேலையில் தீர வேண்டிய நோவு இரண்டு குட்டிகளையும் ஒரு நாயையும் பலி வாங்கிவிடுகிறது.

நம் நாட்டு இனங்கள்

நாட்டு நாய்களுக்குப் பேர்போன பகுதி இது. இராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரு இனங்களும் விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயரையே தாங்கியவை. கறுப்பு உடலில் பழுப்பு அடையாளம் கொண்ட கன்னி நாயும் இந்தத் தென்பகுதிக் கரிசலுக்கு உரியது. தேனிப் பக்கத்துக் கோம்பை நாயும் தோட்டக் காவலுக்குப் பெயர் பெற்றது. 2005ஆம் ஆண்டு ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய் இனங்களுக்காக வெளியிட்ட நான்கு தபால் தலைகளில் இராஜபாளையம் நாயும் ஒன்று. பிற்பாடு 2020இல் இராஜபாளையம், சிப்பிப்பாறை இரண்டும், கர்நாடகத்து முதோள் நாயுடன் சேர்ந்து, தேசிய அளவில் பதிவு பெற்ற நாய் இனங்களாயின.

இவை யாவும் குட்டை மயிர் கொண்டவை. நீண்ட காலும் ஒடுங்கிய வயிறும் உடையவை. ஓட்டத்துக்கென்றே அமைந்த உடல். ஓடும் பிராணிக்குக் கால்தான் மூலதனம். உழவு மாட்டுக்குக் குளம்பு எப்படியோ அப்படியே இந்த நாய்களுக்குப் பாதம்.

நகத்தின் அமைப்பு

நாய் உள்ளங்காலை முழுதாக ஊன்றி நடப்பதில்லை, விரல்களால் நடக்கிறது. விரல்களுக்கு அடியில் மெத்தை போன்ற தடித்த தோல் இருக்கிறது. பெரும்பாலான நாய்களுக்கு முன்னங்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து நகம், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் நான்கு நகம், ஆக மொத்தம் பதினெட்டு. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் ஐந்தாவது நகம் இருக்கும்.

முன்னங்காலின் உட்புறம், மற்ற விரல்களுக்கு மேலே, தனியாக நிற்கும் நகத்தை நன்றாகக் கவனிக்க வேண்டும். நாய் நடக்கும்போது இது தரையில் படுவதில்லை. ஆகவே தேய்வதும் இல்லை. வளர்ந்து, வளைந்து, கடைசியில் தன் சதையையே குத்தும். எவ்வளவு ஓடுகிற நாயானாலும் இந்தத் தனி நகத்தை மனிதன்தான் வெட்டிவிட வேண்டும்.

நகத்தின் வெளிப்பகுதி நம் நகம் போல உணர்ச்சியற்றது. உள்ளே பாதி தூரம் வரை இரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட சதை இருக்கிறது. இதை “உயிர்ச் சதை” என்று வைத்துக்கொள்ளலாம். வெளி நகத்தை வெட்டினால் வலி இல்லை. உயிர்ச் சதையை வெட்டினால் இரத்தம் வரும், நாய் துடிக்கும், அடுத்த முறை காலைத் தொடவே விடாது. உயிர்ச் சதை எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டு, அதற்கு முன்பே நிறுத்துவதுதான் இந்த வேலையின் முழுச் சூட்சுமம்.

எந்த நாய்க்கு நகம் வளரும்?

ஆட்டின் பின்னால் நாள் முழுதும் கல்லிலும் கட்டாந்தரையிலும் திரியும் நாய்க்கு நகம் தானே தேய்ந்துவிடும். அதற்குத் தனி நகத்தை மட்டும் பார்த்தால் போதும். வீட்டில் கட்டிப்போட்ட நாய், கோழிப் பண்ணையில் கூண்டில் இருக்கும் நாய், வயதான நாய், மழைக்காலத்தில் இளகிய மண்ணில் மட்டும் நடக்கும் நாய் ஆகியவற்றுக்கு எல்லா நகமும் வளரும்.

இதை அறிய எளிய சோதனை உண்டு. நாயைச் சமமான சிமெண்டுத் தரையில் நேராக நிற்க வைத்து, நகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். காகிதம் தடையின்றிப் போனால் நகம் அளவாக இருக்கிறது. நகத்தில் முட்டி நின்றால் வெட்ட வேண்டிய காலம் வந்துவிட்டது. திண்ணையில் நடக்கும்போது “டக் டக்” என்று சத்தம் கேட்டாலும் அதுவே பொருள்.

நீண்ட நகம் தரையில் முட்டும்போது விரலை மேல்நோக்கித் தள்ளுகிறது. வலிக்கு அஞ்சி நாய் பாரத்தைப் பின்னுக்கு மாற்றி நிற்கிறது. நாளாவட்டத்தில் விரல்கள் விரிந்து, கணு தளர்ந்து, ஓட்டம் குறைகிறது. கிடைக்குக் கட்டிய வலையிலும் சாக்கிலும் நகம் மாட்டிக்கொண்டு வேரோடு பிய்ந்துவிடுவதும் உண்டு. குழந்தைகள் மேல் செல்லமாகத் தாவும்போது கீறிவிடும் அபாயமும் இருக்கிறது.

வேண்டிய சாமான்கள்

அதிகச் செலவு இல்லை. நாய் நகம் வெட்டுவதற்கென்றே உள்ள இடுக்கி ஒன்று வேண்டும். நாய் உணவு விற்கும் நகரத்துக் கடைகளில் கிடைக்கும். கத்தரி போல இரண்டு வாய் உள்ளதே பழகாத கைக்கு எளிது. சிறு குட்டிக்கு மனிதர் நகவெட்டியே போதும். வளர்ந்த நாய்க்கு அது உதவாது. நகம் நசுங்கிப் பிளந்துவிடும். ஆசாரியின் கொறடு, பிளேடு, அரிவாள் எதுவும் கூடாது.

இதனுடன் சிறிய அரம் ஒன்று, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், முள்வாங்கி, சுத்தமான பழந்துணி, ஒரு சட்டி வெதுவெதுப்பான நீர் ஆகியவை வேண்டும். முடிதிருத்துவோர் முகத்தில் தடவும் படிகாரத்தைப் பொடித்து ஒரு மூடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தவறி இரத்தம் வந்தால் இது கைகொடுக்கும். படிகாரம் இல்லையேல் மைதா மாவும் உதவும். கொஞ்சம் கருவாட்டுத் துண்டோ வேகவைத்த முட்டையோ பக்கத்தில் இருக்கட்டும். நாயை வழிக்குக் கொண்டுவர இதைவிடச் சிறந்த கருவி இல்லை.

நாயைப் பழக்குதல்

வேலையில் பாதி பழக்கத்தில்தான் இருக்கிறது. குட்டி இரண்டு மாதமாக இருக்கும்போதே தினமும் சோறு வைக்கும் நேரத்தில் அதன் நான்கு பாதங்களையும் தொட்டு, விரலை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துப் பழக்க வேண்டும். இப்படிப் பழகிய நாய் பிற்காலத்தில் முள் எடுக்கவும் காயத்துக்கு மருந்து போடவும் அமைதியாகக் காலை நீட்டும்.

வளர்ந்த நாயானால் அவசரம் ஆகாது. முதல் இரண்டு நாள் பாதத்தைத் தொட்டுத் தின்பண்டம் மட்டும் கொடுக்க வேண்டும். அடுத்த நாள் இடுக்கியைக் காட்டி, முகர விட்டு, நகத்தில் தொட்டுவிட்டு எடுத்துவிடலாம். அதன் பிறகே ஒரு நகம் வெட்ட வேண்டும். ஒரே நாளில் பதினெட்டையும் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நாளுக்கு ஒரு கால் என்றாலும் நாலு நாளில் முடிந்துவிடும்.

கடிக்கும் சுபாவம் உள்ள நாய்க்கு வாய்க்கட்டு அவசியம். அகலமான பருத்தி நாடாவையோ கிழித்த வேட்டித் துணியையோ வளையமாக்கி மூக்கின் மேல் மாட்டி, தாடைக்குக் கீழே ஒரு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பின்னால் முடிய வேண்டும். இழுத்தால் உடனே அவிழும் சுருக்கு முடிச்சாக இருக்கட்டும். ஒன்றை மறக்கக் கூடாது. நாய் தன் உடற்சூட்டை வாய் திறந்து இளைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. வாயைக் கட்டினால் அது தடைப்படும். நம் ஊர் வெயிலில் இது உயிருக்கே ஆபத்து. ஐந்து நிமிடத்துக்கு மேல் வாயைக் கட்டி வைக்கக் கூடாது. மத்தியான வேளையில் கட்டவே கூடாது. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும் வாய்க்கட்டு போடலாகாது.

வெட்டும் முறை

காலை வேளை, வெயில் ஏறும் முன் ஏற்ற நேரம். கிடையிலிருந்து வந்து நாய் அசதியாக இருக்கும். வெளிச்சமும் நன்றாக இருக்கும். பாதங்களைக் கழுவித் துடைத்தபின் வெட்டினால் நகம் சற்று இளகியிருக்கும்.

இரண்டு பேர் இருப்பது நல்லது. நாய் யாரிடம் அதிகம் ஒட்டுதலோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தை அணைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். மற்றவர் பாதத்தைக் கையில் எடுத்து, ஒரு விரலை மட்டும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து மெல்ல அமுக்கினால் நகம் வெளியே நீளும். காலைப் பக்கவாட்டில் முறுக்கி இழுக்கக் கூடாது. அது எந்தப் பக்கம் மடங்குமோ அந்தப் பக்கமே மடக்க வேண்டும்.

முதலில் முன்னங்காலின் தனி நகத்தை வெட்ட வேண்டும். நாய் பிறகு பொறுமை இழந்தாலும் முக்கிய வேலை முடிந்திருக்கும்.

நகம் வெளுப்பாக உள்ள நாயில் உயிர்ச் சதை இளஞ்சிவப்பாக வெளியிலிருந்தே தெரியும். அந்தச் சிவப்பு முடியும் இடத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டர், அதாவது ஒரு நெல்மணியின் தடிமன் அளவு, விட்டு வெட்ட வேண்டும்.

கன்னி நாய்க்கும் மற்ற கறுப்பு நாய்களுக்கும் நகமும் கறுப்பாகவே இருக்கும், சதை தெரியாது. இங்கே அவசரப்படுவோர்தான் இரத்தம் வரவழைத்துவிடுகிறார்கள். நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவல் சீவலாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வறண்டு வெளுத்த தூள் போலத் தெரியும். தொடர்ந்து வெட்டும்போது நடுவில் ஈரமான, கருமையான சிறு புள்ளி தோன்றும். அதுவே உயிர்ச் சதையின் வாசல். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இடுக்கியைச் சாய்வாகப் பிடித்து, நகத்தின் கீழ் நுனி தரைக்கு இணையாக அமையும்படி வெட்டுவது முறை. கூர்முனை இருந்தால் அரத்தால் ஒரே பக்கமாக மெல்லத் தேய்த்து விடலாம்.

பல மாதம் கவனிக்காமல் நீண்டுபோன நகத்தில் உயிர்ச் சதையும் கூடவே நீண்டிருக்கும். அதை ஒரே நாளில் சரியான அளவுக்குக் கொண்டுவர முயலக் கூடாது. வாரம் ஒரு முறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் சதை தானே சிறிது சிறிதாகப் பின்வாங்கும்.

இரத்தம் வந்தால்

கை தேர்ந்தவருக்கும் இது எப்போதாவது நேரும். பதற வேண்டாம். படிகாரத் தூளை நகத்தின் நுனியில் வைத்து, துணியால் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையிடையே எடுத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் உறையும் இரத்தம் கலையும். நின்றபின் அரை மணி நேரம் நாயைத் துணி விரிப்பின் மேல் கட்டிவைத்து, அன்று முழுதும் சேற்றில் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேலும் இரத்தம் நிற்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பினாயில், பழைய பேட்டரிக் கரி போன்றவற்றைக் காயத்தில் போடும் பழக்கம் கேடு தரும். நாய் காலை நக்கும் பிராணி. காலில் போட்டதெல்லாம் வயிற்றுக்குள் போகும். மனிதருக்கு உள்ள வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. அவற்றில் பல நாயின் வயிற்றிலும் சிறுநீரகத்திலும் புண் உண்டாக்கிக் கொன்றுவிடும்.

பாத மயிர் திருத்துதல்

இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்குப் பாதத்தில் திருத்தும் அளவுக்கு மயிர் இல்லை. பட்டணத்திலிருந்து வரும் சடை நாய்களுக்கும் அவற்றின் கலப்புக் குட்டிகளுக்கும்தான் விரல்களுக்கு இடையிலும் பாத மெத்தைகளுக்கு நடுவிலும் மயிர் அடர்ந்து வளரும். இப்போது கிராமங்களிலும் இத்தகைய நாய்கள் இருக்கின்றன.

கரிசல் மண்ணின் குணம் விவசாயிகள் அறிந்ததே. நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் கல்லாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சடை நாய் வயலுக்குள் போய்வந்தால் விரலிடுக்கில் மண் உருண்டையாகத் திரண்டு, மறுநாள் காய்ந்து கூழாங்கல் போல் அழுத்தும். மயிர் இழுபட்டுத் தோல் புண்ணாகும். ஈரம் தங்கி அரிப்பும் நாற்றமும் உண்டாகும். இந்த உருண்டையைப் பிய்த்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் பாதத்தைப் பத்து நிமிடம் ஊற வைத்தால் மண் தானே கரையும்.

மயிர் உலர்ந்தபின் பாதத்தைத் திருப்பி, மெத்தைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மயிரை மட்டும் மெத்தையின் மட்டத்துக்கு வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் பாதத்துக்குப் படுக்கை வாட்டில் இருக்க வேண்டும். கத்தரியின் நுனியை விரலிடுக்குக்குள் நுழைக்கவே கூடாது. அங்குள்ள தோல் மெல்லியது. ஒரு கணம் நாய் காலை இழுத்தாலும் கிழிந்துவிடும். மழுங்கச் சிரைப்பதும் தவறு. ஓரளவு மயிர் இருந்தால்தான் முள்ளும் சூடும் நேரே தோலில் படாது.

முள், உண்ணி, சுடுமண்

நகம் பார்க்கும் நாளே முழுப் பாதத்தையும் பார்க்கும் நாள். நெருஞ்சி முள்ளும் சீமைக் கருவேல முள்ளும் இந்த வட்டாரத்து நாய்களின் நிரந்தரப் பகை. நெருஞ்சியை முள்வாங்கியால் எடுத்துவிடலாம். கருவேல முள் ஆழமாய் ஏறி உள்ளே ஒடிந்துகொள்ளும். ஏறிய வாட்டத்திலேயே நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் ஒடியும். ஒடிந்த முள் தெரியாவிட்டால், ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் ஒன்றரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆற விட்டு, அதில் பாதத்தை நாளுக்கு இரு முறை பத்து நிமிடம் வைக்கலாம். இரண்டு நாளில் வீக்கம் வடியாவிட்டால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

விரலிடுக்கு உண்ணிகள் ஒளிந்துகொள்ளும் இடம். உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல் நாயை இரத்தசோகைக்கு ஆளாக்கும். முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்பு நீரில் போட வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. நெருப்பு வைத்துச் சுடக் கூடாது. பயிருக்குத் தெளிக்கும் பூச்சி மருந்தை நாய் மேல் தடவுவோர் சிலர் உண்டு. இது நாய்க்கு நஞ்சு ஊட்டுவதற்குச் சமம். நாய்க்கென்று உள்ள உண்ணி மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பருத்திக்கோ மிளகாய்க்கோ மருந்து தெளித்த வயலில் நாய் போய்வந்தால் நான்கு பாதங்களையும் சோப்பு நீரால் உடனே கழுவிவிட வேண்டும்.

கோடையில் தார் ரோட்டிலும் பாறையிலும் பகல் நேரம் நாயை நடத்தலாகாது. புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடியவில்லை என்றால் அந்தத் தரை நாயின் பாதத்துக்கும் பொறுக்காது.

பாதத்தில் காயம் இருந்து ஈ மொய்த்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். நாய் ஓயாமல் ஒரே இடத்தை நக்குவதும், கெட்ட வாடை வீசுவதும் இதற்கு அடையாளம். புழு வைத்த காயத்தை வீட்டு வைத்தியத்தில் நாள் கடத்தாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே சரி.

வெறிநோய் எச்சரிக்கை

நாயின் காலைப் பிடிக்கும் வேலை கடிபடும் வாய்ப்புள்ள வேலை. ஆகவே வெறிநோய்த் தடுப்பூசி போடாத நாயிடம் இந்த வேலையைத் தொடங்கலாகாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசியும், மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசியும், பிறகு ஆண்டுதோறும் ஒரு முறையும் போட வேண்டும். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். அதை ஒட்டி நடக்கும் தடுப்பூசி முகாம்கள் பற்றி அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரித்து அறியலாம்.

லூயி பாஸ்டர் 1885ஆம் ஆண்டு ஜூலையில் முதன் முதலாக ஒரு சிறுவனுக்கு இந்நோய்க்கான ஊசி போட்டார். நம் மாநிலத்தில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907இல் தொடங்கப்பட்டது. இத்தனை காலமாக மருந்து இருந்தும் அலட்சியத்தால் உயிர் போவது இன்னும் நிற்கவில்லை. நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. முன்கூட்டித் தடுத்தால் முழுப் பாதுகாப்பு.

கடித்தாலும், நகத்தால் கீறினாலும், உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போய்விட வேண்டும். சொந்த நாய்தானே என்றும், சிறு கீறல்தானே என்றும் இருந்துவிடக் கூடாது. காயத்தில் மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காப்பித் தூள் வைப்பதால் பயனில்லை, தீங்கே உண்டு. குறித்த நாட்களில் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க வேண்டும்.

கூடவே ஆட்டுக் குளம்பு

நாய்க்கு இடுக்கி எடுக்கும் நாளிலேயே ஆடுகளின் குளம்பையும் பார்த்துவிடலாம். கல்லாங்குத்தில் மேயும் வேம்பூர் ஆட்டுக்கும் கன்னி ஆட்டுக்கும் குளம்பு ஓரளவு தேய்ந்துவிடும். கொட்டிலில் கட்டித் தீனி போடும் ஆட்டுக்கு இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெட்ட வேண்டியிருக்கும். மழைக்குப் பின் குளம்பு இளகியிருக்கும்போது வேலை சுலபம். மடங்கி வளர்ந்த ஓரத்தை மட்டும், மேலே மயிர் தொடங்கும் கோட்டுக்கு இணையாகச் சீவ வேண்டும். இளஞ்சிவப்பு தெரிந்தால் அங்கேயும் நிறுத்த வேண்டும். நாய்க்குச் சொன்ன விதியே ஆட்டுக்கும் பொருந்தும். ஒரு பிராணிக்குப் பயன்படுத்திய கருவியைக் கொதிநீரில் கழுவாமல் அடுத்ததற்குப் பயன்படுத்தக் கூடாது.

அமாவாசைக் கணக்கு

கட்டிப்போட்ட நாய்க்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை நகம் வெட்டுவது போதும். கிடை நாய்க்கு மாதம் ஒரு முறை தனி நகத்தையும் விரலிடுக்கையும் பார்த்தால் போதும். நாள் நினைவிருக்க எளிய வழி அமாவாசை. அன்று பலரும் ஏர் பூட்டுவதில்லை. வீட்டிலும் ஆள் இருக்கும். அமாவாசைக் காலை நாயின் நான்கு கால்களையும் பார்ப்பது என்று வழக்கப்படுத்திக்கொண்டால் மறக்காது.

சிலர் தொல்லை விட்டது என்று குட்டியாக இருக்கும்போதே தனி நகத்தை விரலோடு அறுத்துவிடுகிறார்கள். பிராணியின் உறுப்பைச் சிதைப்பது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஓடித் திரும்பும் போதும் எலும்பைப் பிடித்துக் கடிக்கும் போதும் அந்த விரல் நாய்க்குப் பயன்படவே செய்கிறது. வெட்ட வேண்டியது நகத்தின் நுனியை மட்டுமே.

மொத்தத்தில் இந்த வேலைக்கு மாதத்துக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இடுக்கி ஒன்று வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். அக்கம்பக்கத்து நாலு வீட்டார் சேர்ந்தும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நாய் சோர்ந்து படுத்தால் வயதென்று முடிவு கட்டும் முன், அதன் காலை ஒரு முறை தூக்கிப் பார்ப்பது நலம். கால் நன்றாக இருக்கும் நாய் இராத்திரியில் கிடையைச் சுற்றி வரும். அது சுற்றி வந்தால் காலையில் ஆட்டுக் கணக்குக் குறையாது.